காலையில் ஒரே அடியில் எடுக்கிற வண்டி, டீ குடித்து வந்தால் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறது?

உங்கள் கேள்வியில் உள்ள விவரங்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். 2006 மாடல் மினி லாரி, நான்கு சிலிண்டர் டர்போ டீசல், டீசலை அழுத்தி அனுப்ப ரோட்டரி பம்ப், 12 வோல்ட். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகிறீர்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் எடுத்துவிடுகிறது. வழியில் டீக்கு இருபது நிமிடம் நிறுத்தினால், செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. நிறுத்திய இரண்டு நிமிடத்துக்குள் மறுபடி அடித்தால் எடுக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டாலும் எடுக்கிறது. நடுவில்தான் தொல்லை. பேட்டரி மாற்றியாயிற்று, பலன் இல்லை. ஒரு மெக்கானிக் "போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கணும்" என்கிறார். இன்னொருவர் "பம்ப்பை மொத்தமாக மாற்று" என்கிறார். சூட்டில் எப்படி ஸ்டார்ட் செய்வது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது, இந்த இருவரில் யாரை நம்பிப் பணத்தை எடுத்து வைப்பது, அதற்கு முன் சொந்தமாகச் சோதித்துப் பார்க்க வழி உண்டா என்பது. உண்டு. பெரும்பாலான சோதனைகளுக்குச் செலவே கிடையாது.

நான் டீசல் பம்ப்பைக் கழற்றிச் சோதிக்கும் பெஞ்ச்சில் பல வருடம் வேலை பார்த்தவன். பம்ப், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் பற்றித் தைரியமாகப் பேசுவேன். வயரிங் பற்றி ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்னைவிட நுணுக்கமாகச் சொல்வார். வண்டியைப் பார்க்காமல் இதுதான் கோளாறு என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் கொடுத்த நேரக் கணக்கு மிக நல்ல தடயம். அதை வைத்தே சிலவற்றை ஒதுக்கலாம்.

முதலில் ஒதுக்க வேண்டியது போர் தேய்மானம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அந்தச் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். போரும் ரிங்கும் தேய்ந்தால் காற்று கீழே கசியும், சூடு போதுமான அளவு ஏறாது. இந்தக் குறை எப்போது அதிகமாகத் தெரியும்? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. குளிர்ந்த சிலிண்டர் சுவர் இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும். அதனால்தான் தேய்ந்த இன்ஜின் மார்கழிக் காலையில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு அடம்பிடிக்கும், சூடேறிய பிறகு சாதுவாக எடுக்கும். உங்கள் வண்டி இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. காலையில் ஒரே அடியில் எடுக்கிற இன்ஜினுக்குக் கம்ப்ரஷன் போதவில்லை என்று சொல்வது எனக்கு ஏற்கவில்லை. ஆயில் குடிக்கிறதா, வண்டி ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இன்ஜினை இறக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இதற்கு இரண்டு விதிவிலக்கு உண்டு. சமீபத்தில் இன்ஜினின் சிலிண்டர் ஹெட் கழற்றி வேலை பார்த்திருந்து, வால்வு இடைவெளியான டேப்பெட்டை மிக நெருக்கமாக வைத்திருந்தால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு வால்வு முழுதாக உட்காராமல் போகும். அப்போது ஆறியிருக்கையில் கம்ப்ரஷன் நன்றாக இருக்கும், சூட்டில் மட்டும் இறங்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இருந்தால் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இடைவெளி அளவை அந்த இன்ஜினின் மேனுவலில் உள்ளபடி வைக்க வேண்டும், குத்துமதிப்பாக அல்ல. இரண்டாவது, புதிதாக போர் வேலை செய்த இன்ஜின். பிஸ்டனோ பேரிங்கோ இறுக்கமாக அமைந்திருந்தால் சூட்டில் கிராங்க் கனமாகச் சுற்றும். நீங்கள் இதுவரை இன்ஜினில் கை வைக்கவே இல்லை என்று எழுதியிருப்பதால் இரண்டும் உங்களுக்குப் பொருந்த வாய்ப்புக் குறைவு.

இப்போது அந்த இருபது நிமிடத்துக்கு வருவோம். வண்டி ஓடும்போது ஃபேன் சுற்றுகிறது, தண்ணீர் ஓடுகிறது, முன்னாலிருந்து காற்று வருகிறது. பம்ப்புக்குள் டீசல் இடைவிடாமல் புகுந்து, மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்குத் திரும்புகிறது. அந்த டீசலே பம்ப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இன்ஜினை நிறுத்தியதும் இவை எல்லாமே ஒரே நேரத்தில் நின்றுவிடும். இரும்பு பிளாக்கில் தேங்கிய சூட்டுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் பக்கத்தில் இருப்பவற்றுக்குப் பரவும். அதனால் நிறுத்திய உடனே பம்ப் இருக்கும் சூட்டைவிட, கால் மணி நேரம் கழித்து அது இன்னும் சூடாக இருக்கும். பிறகு மெல்ல ஆறும். இரண்டு நிமிடத்தில் எடுத்து, இருபது நிமிடத்தில் எடுக்காமல், ஒன்றரை மணியில் மறுபடி எடுப்பது இந்தச் சூட்டுப் பரவலின் கையெழுத்து. இது எனக்கு உறுதி. பிளாக்கோடு ஒட்டியிருந்து இந்தச் சூட்டை வாங்குபவை செல்ஃப் மோட்டார், பம்ப்பின் ஸ்டாப் சாலினாய்டு, பம்ப்பின் உள்பாகங்கள். இந்த மூன்றில் எது என்பதுதான் கேள்வி.

செல்ஃப்பிலிருந்து தொடங்குங்கள். செல்ஃப் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் காலையில் சுற்றும் அதே வேகத்தில் சுற்றுகிறதா? காதை நம்ப வேண்டாம். செல்போனில் காலையில் செல்ஃப் அடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், டீக்கடை வாசலில் அடிக்கும் சத்தத்தையும் பதிவு செய்யுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் இருந்தால் தெரிந்துவிடும். செம்புக் கம்பி சூடேறினால் மின்தடை கூடும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்டக் கால் பங்கு கூடுகிறது. இதோடு செல்ஃப்பின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மெச்சர் உரச ஆரம்பித்திருந்தால் சூட்டில் செல்ஃப் தளர்ந்துவிடும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அழுத்தமும் சூடும் போதாது, ரோட்டரி பம்ப்பும் போதுமான டீசலை அனுப்பாது.

வேகம் குறைகிறது என்று தெரிந்தால் செல்ஃப்பைக் கழற்றும் முன் மல்டிமீட்டர் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்து அடித்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப்பின் தடித்த போல்ட்டுக்கும் நடுவிலும் அதே கணக்கு. புது பேட்டரி போட்டும் பழைய எர்த் பட்டையைத் துடைக்காமல் விட்ட வண்டிகள் ஏராளம். மூன்று அளவும் சரியாக இருந்து, சூட்டில் மட்டும் வேகம் குறைந்தால் செல்ஃப்பைக் கழற்றி புஷ், கார்பன் பார்க்க வேண்டியதுதான்.

செல்ஃப் இரண்டு வேளையும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விவரிப்பைப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அப்போது வண்டிக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தி, செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வினாடி அடித்தும் துளிப் புகை வரவில்லையென்றால் சிலிண்டருக்குள் டீசலே போகவில்லை. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்தும் பிடிக்கவில்லையென்றால் டீசல் போகிறது, பற்றவில்லை. அப்போதுதான் டேப்பெட், டைமிங், நாசில் பக்கம் போக வேண்டும். இந்த ஒரு சோதனை வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும், ஆனால் இதைச் செய்யாமலே ஸ்பேனர் எடுப்பவர்கள்தான் அதிகம். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவே ஒரு நிமிடமாவது விடுங்கள். இல்லையென்றால் நல்ல செல்ஃப்பும் வெந்துவிடும்.

புகையே இல்லை என்றால் அடுத்து ஸ்டாப் சாலினாய்டு. ரோட்டரி பம்ப்பின் தலைப்பக்கத்தில் ஒற்றை வயரோடு நிற்கும் சிறிய உருளை அது. சாவி போட்டால் கரண்ட் வந்து உள்ளே இருக்கும் பின்னை இழுத்து டீசல் வழியைத் திறக்கும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் வழியை அடைத்து இன்ஜினை நிறுத்தும். செம்புச் சுருளுக்கு மேலே சொன்ன அதே கதைதான்: சூட்டில் தடை கூடி, இழுக்கும் கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பழைய சாவி சுவிட்சிலும் வயர் சேரும் கப்ளரிலும் கொஞ்சம் வோல்ட் தொலைந்தால் பின்னை இழுக்கும் பலம் போய்விடும். சில சாலினாய்டுகளில் சுருளே உள்ளுக்குள் லேசாக அறுந்திருக்கும். ஆறினால் ஒட்டும், சூடானால் விலகும்.

சூட்டில் எடுக்காத நேரத்தில் செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் போட்டு அணைத்துப் பாருங்கள். பம்ப்பிலிருந்து 'டிக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். காலையில் கேட்கிற அளவுக்குக் கேட்கிறதா? சந்தேகமாக இருந்தால் அதன் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒரு தனி வயரை நேராகக் கொடுத்து அடியுங்கள். எடுத்துவிட்டால் கோளாறு சாவிக்கும் சாலினாய்டுக்கும் நடுவில் உள்ள வயரிங்கில். நேர் வயர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது, வயரைப் பிடுங்கித்தான் நிறுத்த வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். நேர் வயரிலும் 'டிக்' இல்லையென்றால் சாலினாய்டு போயிற்று. பம்ப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

ஏர் பிடிப்பதை, அதாவது டீசல் லைனில் காற்று புகுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். "சூட்டில் டீசல் ஆவியாகி லைன் அடைக்கிறது" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அது பெட்ரோல் வண்டிக்குப் பொருந்தும் விளக்கம். டீசல் கொதிக்கத் தொடங்குவதற்கே 180 டிகிரி போல வேண்டும், பம்ப் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. ஆனால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவது வேறு. டேங்க்கிலிருந்து ஃபில்டர் வரை டீசல் உறிஞ்சித்தான் வருகிறது. அங்கே ஹோஸ் வெடித்திருந்தாலோ, குழாய் இணைப்பான யூனியனின் செம்பு வாஷர் நசுங்கியிருந்தாலோ, டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வெளியே ஈரம் இல்லாததால் கண்ணுக்கும் தெரியாது. வழக்கமாக இந்தக் கோளாறு ராத்திரி முழுக்க நின்ற வண்டியில்தான் அதிகம் தெரியும், ஏனென்றால் டீசல் டேங்க்குக்கு இறங்கிவிட நேரம் கிடைக்கிறது. உங்கள் வண்டி காலையில் நன்றாக எடுப்பதால் நான் இதைப் பின்னால் வைக்கிறேன். ஆனாலும் முழுதாக ஒதுக்கவில்லை, சூட்டில் இளகி உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் பழைய ரப்பர் ஹோஸை நான் பார்த்திருக்கிறேன்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை எடுத்து, கேபினில் பம்ப்பைவிட உயரமான இடத்தில் கட்டி, கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் வழியாக நேராகப் பம்ப்பின் இன்லெட்டுக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே திருப்பிவிடுங்கள். லைனில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, வண்டியை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து அடியுங்கள். தொல்லை போய்விட்டால் கோளாறு டேங்க், ஹோஸ், ஃபில்டர், ஃபீட் பம்ப் பக்கம். கேனிலிருந்து கொடுத்தும் அதே தொல்லை என்றால் பம்ப்புக்கு முன்னால் உள்ள எதுவும் குற்றவாளி இல்லை. ஹோஸில் குமிழி ஓடுகிறதா என்பதும் அதிலேயே தெரியும். கேனைக் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்ட வேண்டாம், ஷெட்டில் நிறுத்தியே செய்யுங்கள். சைலன்சர் பக்கம் டீசல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தாண்டி வந்தால் மிஞ்சுவது பம்ப்பின் உள்பாகம். நீங்கள் சொன்ன குறிகளை வைத்து என் சந்தேகம் அதிகம் விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரோட்டரி பம்ப்பில் எத்தனை சிலிண்டராக இருந்தாலும் டீசலை அழுத்துவது பம்ப்பின் ஒரே ஹெட்டுக்குள் இருக்கும் ஒரே அமைப்பு (இது இன்ஜினின் சிலிண்டர் ஹெட் அல்ல; இனி ஹெட் என்றால் இதுதான்). டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த இடைவெளிக்கு ரப்பர் சீல் எதுவும் கிடையாது. டீசலின் கெட்டித்தன்மைதான் அங்கே சீல். இந்தியத் தர விதிப்படி டீசலின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்கலாம். 80 டிகிரியில் அது ஏறத்தாழப் பாதியாகிவிடும். பிசுபிசுப்பு பாதியானால் இடைவெளியில் கசிவது இரண்டு மடங்காகும். இடைவெளியே தேய்ந்து இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும், ஏனென்றால் கசிவு இடைவெளியின் மும்மடியில் (2 × 2 × 2 = 8) ஏறுகிறது. தேய்மானமும் சூடும் சேரும்போது இரண்டும் பெருகிக்கொள்கின்றன.

அப்படியானால் ஓடும்போது ஏன் குறை தெரிவதில்லை? நேரம்தான் காரணம். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் 200 ஆர்பிஎம் போலச் சுற்றுகிறது, பம்ப் அதில் பாதி, 100. ரோட்டில் 2,400 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு அழுத்தமும் பன்னிரண்டு மடங்கு வேகமாக முடிந்துவிடும், கசிவதற்கு நேரமே கிடைப்பதில்லை. செல்ஃப் வேகத்தில் பிளஞ்சர் மெதுவாக நகர்வதால் இளகிய டீசல் நாசிலைத் திறக்கும் அழுத்தம் வரும் முன்பே பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. நாசில் திறக்க 200 பார் போல வேண்டும். ஆகவே ஒருமுறை பிடித்துவிட்டால் வண்டி ஏற்றத்திலும் நன்றாக இழுக்கும், மைலேஜும் பெரிதாகக் குறையாது. அதனாலேயே "இவ்வளவு நன்றாக இழுக்கிற வண்டியில் பம்ப் எப்படிப் போகும்" என்று பலர் பம்ப்பைச் சந்தேகப்படுவதில்லை. தள்ளி விட்டாலோ இறக்கத்தில் உருட்டி கியர் போட்டாலோ உடனே எடுக்கிறது என்றால் அதுவும் இதே பக்கம்தான் காட்டுகிறது, வேகம் கூடியதும் கசிவு தோற்றுவிடுகிறது. மெதுவாகச் சுற்றும் செல்ஃப்பும் இதே அறிகுறியைக் கொடுக்கும் என்பதால்தான் செல்ஃப் வேகத்தை முதலில் பார்க்கச் சொன்னேன்.

பம்ப் என்று உறுதி செய்ய ஈரத்துணிச் சோதனை போதும். சூட்டில் எடுக்காத நேரத்தில், செல்ஃப்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, பம்ப்பின் மேல் ஒரு தடித்த துணியைப் போர்த்துங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரைச் சிறிது சிறிதாக அதன் மேல் ஊற்றிக்கொண்டே ஐந்து, பத்து நிமிடம் இருங்கள். பிறகு அடியுங்கள். இப்போது காலையில் எடுப்பதுபோல் எடுத்துவிட்டால், சாலினாய்டு நல்லது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும் பட்சத்தில், ஹெட் தேய்ந்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இராது. சாலினாய்டைப் பார்க்காமல் இதைச் செய்தால் முடிவு குழம்பும், தண்ணீர் அதையும் சேர்த்தே ஆற்றிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்ஜின் ஓடும்போது ஊற்றவே ஊற்றாதீர்கள். வெளியே உள்ள அலுமினியக் கூடு திடீரென்று சுருங்கி உள்பாகத்தைப் பிடித்துக்கொண்டால் நல்ல பம்ப்பும் இறுகிவிடும்.

பம்ப்பைக் கழற்றிக் கொடுத்தால், "பெஞ்ச்சில் போட்டுப் பார்த்தோம், டெலிவரி எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பம்ப் கடையில் திருப்பிக் கொடுக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெஞ்ச்சில் ஓடுவது டீசல் அல்ல, அளவுக்கென்று தயாரித்த கேலிபரேஷன் ஆயில். அதன் சூட்டை 40 டிகிரியை ஒட்டி வைத்துத்தான் அளப்பார்கள். உங்கள் பம்ப்புக்குத் தொல்லை 80 டிகிரியில். அதோடு அவசரத்தில் 800, 1,000 ஆர்பிஎம் அளவுகளை மட்டும் பார்த்துவிட்டு, செல்ஃப் வேகத்தில் பம்ப் தரும் டீசல் அளவான ஸ்டார்ட்டிங் டெலிவரியை விட்டுவிடும் கடைகளும் உண்டு. அதனால் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள்: "100 ஆர்பிஎம்மில் ஸ்டார்ட்டிங் டெலிவரி எவ்வளவு என்று என் கண் முன்னால் அளந்து காட்டுங்கள், அந்தப் பம்ப் நம்பருக்கான டெஸ்ட் ஷீட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஆயில் சூடேற ஓடவிட்டு இன்னொரு தடவை அளந்து காட்டுங்கள்." இரண்டாவது அளவு சட்டென்று விழுந்தால் வேறு சாட்சி தேவையில்லை. நல்ல பெஞ்ச்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஹெட் என்று தெரிந்தாலும் பம்ப்பை மொத்தமாக மாற்றத் தேவை இல்லாமல் போகலாம். ஹெட்டும் அதற்குள் ஓடும் பாகமும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. அதை ஜோடியாகவே வாங்கிப் போட வேண்டும், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. கூடவே சீல் கிட், டீசலை உள்ளே இழுக்கும் சின்ன வேன் பம்ப் தேய்ந்திருந்தால் அது. பிளஞ்சரை நகர்த்தும் கேம் பிளேட்டும் ரோலரும் நன்றாக இருந்தால் வெளிக்கூடும் மற்றதும் பல வருடம் ஓடும். கழற்றிப் பார்க்காமல் "மொத்தமும் மாற்று" என்று சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை. பார்த்த பிறகு சொன்னால் அது வேறு பேச்சு.

நாசில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொட்டும் நாசில் இருந்தால் ஸ்டார்ட் ஆகும்போது கரும்புகையும் தட்டும் சத்தமும் வரும். உங்களிடம் அந்தக் குறி இல்லை. ஆனால் பம்ப் கழற்றும்போதே நாசில்களையும் அழுத்தம் பார்த்துவிடுங்கள். நாசில் பீய்ச்சுவதைச் சோதிக்கும்போது எக்காரணம் கொண்டும் கையை முன்னால் நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; வெளியே ஊசி குத்திய தடம்தான் தெரியும், உள்ளே சதை கெட்டுவிடும். அப்படி ஆனால் கட்டுப்போட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டீசலில் கொஞ்சம் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலந்தால் சரியாகிறது என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆயில் டீசலைச் சற்றுக் கெட்டியாக்குகிறது. அது ஹெட் தேய்ந்திருப்பதற்கு இன்னொரு சாட்சி, மருந்து அல்ல. தேய்மானம் தொடரும், கலக்க வேண்டிய அளவும் கூடிக்கொண்டே போகும். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவே வேண்டாம். ஹீட்டர் உள்ள வண்டியில் அது மேனிஃபோல்டிலேயே வெடிக்கும், இல்லாத வண்டியில் பிஸ்டனை உடைக்கும். இறக்கத்தில் நிறுத்தி உருட்டி எடுப்பது பழைய லாரிக்காரர்கள் எல்லோருக்கும் பழகிய வழி. ஆனால் இன்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாது, பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் நிற்காது. லோடோடு அதைச் செய்யாதீர்கள்.

"பிஎஸ்-6 டீசல் வந்த பிறகுதான் பழைய பம்ப்புகள் சாகின்றன" என்று நீங்கள் கேள்விப்பட்டது பற்றி. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) இறங்கியது உண்மை. கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் இயல்பான வழவழப்பும் குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் அதை ஈடுகட்ட வழவழப்புக்கான மருந்தைச் சேர்க்கிறார்கள், அதற்கும் தர விதியில் எல்லை இருக்கிறது. அதனால் முறையான பங்க் டீசல் உங்கள் ஹெட்டைத் தின்றது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவது வேறு. 1993-இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய பம்ப்புகளில் அப்படிக் கசிவு வந்தது பதிவான செய்தி. கலப்படம் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத எதிரி. மண்ணெண்ணெய் கலந்தால் பிசுபிசுப்பும் வழவழப்பும் ஒருசேர விழும். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று கேனில் வாங்கி ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பங்க்கில் சந்தேகம் வந்தால் அடர்த்தி அளந்து காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காமன் ரெயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. அங்கேயும் சூட்டில் இளகிய டீசல்தான் முதல் சந்தேகம், ஆனால் கசிவது இன்ஜெக்டரின் ரிட்டர்ன் வழியாக. நான்கு பாட்டில் வைத்து ரிட்டர்ன் அளவை ஒப்பிட்டால் எது கெட்டது என்று தெரியும். இன்ஜின் சுற்றுவதை அறியும், சூட்டில் செத்துப்போகும் கிராங்க் சென்சாரும் அங்கே ஒரு முக்கியக் காரணம். உங்கள் வண்டியில் அது கிடையாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நாளைக்கே செல்ஃப் சத்தத்தைப் பதிவு செய்வேன், எர்த் பட்டையைக் கழற்றித் துடைப்பேன், சைலன்சர் புகையைப் பார்ப்பேன், சாலினாய்டுக்கு நேர் வயர் கொடுப்பேன். அதில் ஒன்றும் சிக்கவில்லையென்றால் கேன், அப்புறம் ஈரத்துணி. ஈரத்துணியில் எடுத்துவிட்டால் பம்ப்பைக் கழற்றும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டேங்க்கை இறக்கி அடியில் படிந்திருக்கும் வண்டலையும் தண்ணீரையும் கழுவி, வெயிலில் காயவைத்து, புது ஃபில்டரோடு மாட்டுங்கள். மைக்ரான் கணக்கில் பொருத்திய புது ஹெட்டைப் பழைய டேங்க் அழுக்கில் ஓடவிட்டால் அது நெடுநாள் தாங்காது, அதற்கு எந்தக் கடையும் கேரண்டி தராது.